பதினோராவது கூறு

விளையாத காய்க்கு முன்கூட்டியே பணம் கேட்டு ஒருவர் எங்கள் வாசலுக்கு வந்தது, எனக்குத் திருமணமாகி நான்காம் வருடம். எழுபதுகளின் தொடக்கம். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீடு என்பது ஒரு குழித்தறியும் ஓர் அடுப்படியும்தான். கணவர் தறியில் உட்காருவார். ஊடு நூலை ஓட்டும் நாடாவுக்குள் வைக்க, நான் தார்க்குச்சியில் நூல் சுற்றிக் கொடுப்பேன். மகளுக்கு இரண்டு வயது.

வந்தவர் முசரவாக்கம் கிராமத்துச் சமணக் குடும்பத்துப் பெண்மணி. நாற்பதைத் தாண்டியிருப்பார். வாரத்தில் இரண்டு நாள் பஸ்ஸில் கூடையோடு வந்து எங்கள் தெருவில் காய் விற்பார். நாங்கள் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய கணவர் தவறிய பிறகு பாகம் பிரித்ததில் ஒரு கிணறும் அதைச் சுற்றி ஓர் ஏக்கருக்குக் குறைவான நிலமும் அவருக்கு வந்திருந்தன. அதைத் தானே பயிர் செய்து வந்தார்.

அந்த ஆனி மாதம் ஒருநாள் கூடையை இறக்கிவைத்தவர், காயை எடுத்துக் காட்டாமல் பேச ஆரம்பித்தார்.

"ஆடியில வெதைக்கணும்மா. கிணத்து இஞ்சின் ரிப்பேராயி கெடக்குது. மண்டியில பணம் வாங்கினா, வெளையறதெல்லாம் அவங்களுக்கே போடணும், அவங்க சொல்றதுதான் வெல. அதான் பத்து வூட்ல கேக்கலாம்னு வந்தேன். இப்பவே ஒரு தொகை குடுத்துடுங்க. பொரட்டாசியில இருந்து மாசி வரைக்கும் வாராவாரம் காய் கொண்டாறேன். வெளையறத எல்லாருமா பங்கு போட்டுக்கலாம். நெறைய வந்தா நெறைய. கொஞ்சமா வந்தா கொஞ்சம்."

"ஒண்ணுமே வரலன்னா அக்கா?" என்றேன்.

"ஒண்ணுமே இல்லதான். அதையும் சொல்லிட்டுத்தானம்மா கேக்கணும்?"

அதோடு நிறுத்தவில்லை. "மண்ணுக்கு அடியில வெளையறது எதையும் நான் பயிர் வெக்கிறதில்ல. வெங்காயம், முள்ளங்கி, கெழங்கு எதுவும் வராது. புடுங்கறப்ப எத்தினியோ உசுரு போவுது. மருந்தும் அடிக்க மாட்டேன். சாம்பல் தூவுவேன், வேப்பங்கொட்ட கரைச்சி ஊத்துவேன். அதுக்கு மேல பூச்சி தின்னா தின்னுட்டுப் போவட்டும். கத்திரிக்காய அறுத்துப் பாத்துதான் சமைக்கணும். ஒரு வாரம் நல்லா யோசிச்சி சொல்லும்மா."

தன் சரக்கில் என்ன இருக்காது, எது சொத்தையாக இருக்கும் என்று வாங்குகிறவளிடம் முதலில் சொன்ன வியாபாரி, என் அனுபவத்தில் அவர் ஒருவர்தான்.

கணவரிடம் சொன்னதும் நாடாவை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "வெங்காயம் இல்லாத காய்கறியா? வெளையாத காய்க்கு யாருனா காசு குடுப்பாங்களா?"

"நீங்க மட்டும் நெய்யாத பொடவைக்கு மொதலாளிகிட்ட முன்பணம் வாங்கலையா?"

"அது வேற. பொடவைய நெய்யப்போறது நான். மழையும் வெயிலுமா நெய்யப்போவுது?"

அவர் சொன்னதும் நியாயம்தான். நான் தார் சுற்றிச் சேர்த்த காசை எல்லாம் அக்கா கேட்ட தொகை விழுங்கிவிடும். எதிர்வீட்டு அம்மா சேர்வதாகச் சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டில் முடியாது என்றார்கள். எனக்கு எந்தப் பக்கமும் மனசு நிலைக்கவில்லை. ஐந்தாம் நாள் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு முசரவாக்கத்துக்குப் பஸ் ஏறினேன். நிலத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று தோன்றியது.

நான் வருவது அவருக்குத் தெரியாது. நிலத்தில் தனியாக மண்வெட்டியோடு பாத்தி கட்டிக்கொண்டிருந்தார். நூல் பிடித்தாற்போல நேராக இருந்தன வரப்புகள். என்னைப் பார்த்ததும் குழந்தைக்குத் தாகமாக இருக்கும் என்று கிணற்றில் தண்ணீர் சேந்தினார். குடத்தின் வாயில் இரட்டையாக மடித்த வெள்ளைத் துணியைக் கட்டி, அதன் வழியாகத் தண்ணீரை ஊற்றினார். பிறகு அந்தத் துணியை அவிழ்த்து, அதன் மேல் கொஞ்சம் தண்ணீர் விட்டு, வாளியில் அலசி, வாளியை மெதுவாகக் கிணற்றுக்குள் இறக்கி அங்கேயே சாய்த்தார்.

"எதுக்குக்கா திரும்பக் கிணத்துலயே ஊத்தறீங்க?"

"துணியில கண்ணுக்குத் தெரியாம ஏதாச்சும் தங்கி இருக்குமில்ல? அது இருந்த எடத்துலயே விட்டுடறது," என்றார், ஏதோ பாத்திரத்தைக் கழுவி வைப்பதைச் சொல்வதுபோல.

கண்ணுக்குத் தெரியாததற்கே இவ்வளவு பார்க்கிறவர் என் பங்கில் கை வைக்கமாட்டார் என்று அங்கேயே தெரிந்துவிட்டது. முடிந்துவைத்திருந்த பணத்தைக் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். கணவர் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

புரட்டாசி முதல் வாரம் அக்கா மாட்டுவண்டியில் வந்திறங்கினார். எதிர்வீட்டு வாசலில் சாக்கை விரித்துக் கொத்தவரை, வெண்டை, புடலை, கீரை என்று கூறு போட்டார். வீடுகள் பத்து, கூறுகள் பதினொன்று. "மொதல்ல நீங்க எடுங்க. எது நல்லா இருக்குதோ பாத்து எடுங்க," என்றார். பத்துப் பேரும் ஆற அமரப் பொறுக்கிக்கொண்ட பிறகு, யாரும் தொடாமல் கிடந்த கடைசிக் கூற்றைத் தன் கூடையில் எடுத்துப் போட்டுக்கொண்டார். அதுதான் அவர் வீட்டுக்கு. ஒவ்வொரு வாரமும் அப்படித்தான். தன் நிலத்தில், தன் கையால் விளைந்ததில் எஞ்சியதை எடுத்துக்கொண்டு போகும் அந்த முகத்தில் ஒரு சுளிப்பைக்கூட நான் பார்த்ததில்லை.

ஐப்பசியில் மழை பிடித்தது. நாலு நாள் விடவில்லை. தறிக்குழியில் தண்ணீர் ஊறி எங்களுக்கு வேலை நின்றுபோனது. தெருவில் பாவு நூலை நீட்டிக் கட்டவும் வழியில்லை. காய் வரும் நாளன்று அக்கா முழுக்க நனைந்தபடி வந்தார். கூடையில் முருங்கைக்கீரை மட்டும் பதினோரு கட்டு.

"நெலம் முழுக்கத் தண்ணி நிக்குதும்மா. செடி எல்லாம் அழுவிடுச்சி. வேலியில இருந்த முருங்கைய ஒடிச்சாந்தேன்." பத்து வீட்டிலும் ஏறி இறங்கி இதையே சொன்னார். ஒரு வீட்டில் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். மறுவாரமே கொண்டுவந்து கொடுத்தார்.

அக்கா முருங்கைக்கீரை கொடுத்துவிட்டுப் போன அன்று கணவர் வெகுநேரம் தறிக்குழியில் நின்ற தண்ணீரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, "வேல இல்லாம சும்மாதானே குந்திக்கினு கீறோம்," என்று சட்டையை மாட்டினார். தெருவில் மூன்று நெசவாளர்களைக் கூட்டிக்கொண்டு சைக்கிளில் முசரவாக்கம் போனார். முழங்கால் சேற்றில் நின்று வரப்பை வெட்டித் தண்ணீரை வடித்துவிட்டிருக்கிறார்கள். மூன்று நாள் போய்வந்தார்கள்.

கடைசி நாள் திரும்பியவர் காலைக் கழுவிக்கொண்டே சொன்னார். "நாங்க நாலு பேரு ஒரு வரப்பு வெட்டறதுக்குள்ள அந்தம்மா தனியா ரெண்டு வெட்டிட்டாங்க. ஒரு தடவ கூட ஐயோன்னு சொல்லல. தண்ணி வடிஞ்ச எடத்துல அப்பவே கீர வெதைய தூவிட்டாங்கடி."

கார்த்திகைக் கடைசியில் அந்தக் கீரை வந்தது. தையில் கத்திரி வந்தது, பாதிக்குமேல் சொத்தை. அறுத்துப் பார்த்துத்தான் சமைத்தேன். மாசியில் பூசணியும் பீர்க்கையும் குவிந்து, பக்கத்து வீட்டுக்கும் கொடுத்தோம்.

அடுத்த ஆனியில் சேர விரும்பிய வீடுகள் பதினைந்து. "கிணத்துத் தண்ணி பன்னெண்டு வூட்டுக்குத்தான் தாங்கும்," என்று மூன்று வீட்டை அவர் மறுத்துவிட்டார். அதில் ஒன்று பட்டுக்கடைக்காரர் வீடு. இரண்டு பங்கு பணம் தருகிறோம் என்றார்கள். "பணம் ரெண்டு பங்கா வரும், தண்ணி வருமா?" என்று கேட்டுவிட்டு வந்தாராம். பணத்தைத் திருப்பி வாங்கிய வீட்டாரும் சங்கடத்தோடு கேட்டார்கள். அவர்களைச் சேர்த்துக்கொண்டார், பழையதைப் பற்றி ஒரு சொல் இல்லாமல்.

எங்கள் பங்குக்கான பணத்தை அந்த வருடம் கணவரே பஸ் ஏறிப்போய்க் கொடுத்துவிட்டு வந்தார். நாங்கள் அந்த வீட்டில் இருந்தவரை, எட்டு வருடம், முசரவாக்கத்துக் காய்தான் சாப்பிட்டோம்.