கொட்டகைப் பக்கத்து ஜன்னல்

ஆரியங்கோட்டில் கோழி வளர்க்கும் புஷ்பபாய்க்கு ஒரு காய்ச்சல் வந்துகொண்டிருந்தது. வளர்ந்த கோழிகளை லாரியில் ஏற்றிவிட்டு, கொட்டகைத் தரையில் கிடக்கும் பழைய மரத்தூளை வாரி வெளியேற்றும் நாளில்தான் வரும். பொழுது சாயும்போது உடம்பு நடுங்கும், நெஞ்சு இறுகும். மறுநாள் காலையில் ஒன்றும் நடவாததுபோல் எழுந்துவிடுவாள். உழைத்த அலுப்பு என்று சுக்குக்காப்பியோடு விட்டுவிட்டாள்.

இந்த வருடம் காய்ச்சல் போயும் இருமல் போகவில்லை. ஞாயிறு ஆராதனையில் பாட்டின் இரண்டாம் அடிக்கே மூச்சு முட்டியது. பாறசாலையில் கட்டிக்கொடுத்த மகள் ஜின்சி வந்து, அவளை நெய்யாற்றின்கரைக்கு அழைத்துப்போனாள். டாக்டர் ஒரு குழாயில் ஊதச் சொல்லிப் பார்த்தார். கொட்டகைத் தூசியால் வருவது இது, காய்ந்த எச்சமும் இறகுப்பொடியும்தான் அந்தத் தூசி, அதில் கிருமி இருக்கும், செத்த கிருமிகூட விஷத்தை மிச்சம் வைத்துவிட்டுத்தான் போகும் என்று விளக்கினார்.

"இனி ஷெட்டுக்குள்ள கேறண்டாம். அதாக்கும் மருந்து."

கொட்டகைக்குள் போகாமல் இருப்பது ஒன்றுதான் அவளால் முடியாதது. கணவர் ஞானசிகாமணி ரப்பர் தோட்டத்தில் வழுக்கி விழுந்ததிலிருந்து இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் கிடக்கிறார். அவர் கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இருக்கும் வேலை, வீட்டுக்குப் பின்னாலுள்ள இந்தக் கொட்டகை மட்டும்தான். ஜின்சி பார்த்துத் தந்த துணிக்கடை வேலைக்கும் போய்ப் பார்த்தாள். ஒரு நாள் திரும்பியபோது அவர் கட்டிலிலிருந்து சரிந்து, பாதி உடம்பு கீழே தொங்க, உதடு காய்ந்து கிடந்தார். அவள் அவரைத் தூக்கிக் கிடத்தித் தண்ணீர் கொடுத்தாள். மறுநாள் கடைக்குப் போகவில்லை. அடுத்த வாரம் புதுக் குஞ்சுகள் வந்து இறங்கின.

"அடச்சுப் போடு புஷ்பம். நமக்கு இது வேண்டாம்."

"அடச்சிட்டு?"



மாஸ்க் கட்டினாள். தூசி அடங்கட்டும் என்று மரத்தூளில் தண்ணீர் தெளித்தாள். கொஞ்சம் கூடிப்போனதும் கண்ணை எரிக்கும் நெடி கிளம்பி, குஞ்சுகள் சுருண்டன. கொட்டகையின் பக்கத்துப் படுதாவைச் சுருட்டிக் காற்று விட்டாள். காற்று தூசியை வீட்டுக்குள் கொண்டுவந்தது. மழைக்காலம் ஓய்ந்து தூசி கூடியதும் அவரும் இருமத் தொடங்கினார். கொட்டகைப் பக்கத்து ஜன்னலை மூடியாக வேண்டும். மூடினால் அவர் குரல் கேட்காது. ஜன்னல் கதவில் கையை வைத்தபடி நின்றவள் அன்றுதான் அழுதாள்.

விஷயம் தெரிந்த ஜின்சி கம்பியில்லாத காலிங் பெல் ஒன்று வாங்கிவந்தாள். பொத்தானை அப்பாவின் தலையணை அருகே வைத்து, மணியைக் கொட்டகைத் தூணில் மாட்டினாள். ஜன்னலை அடைத்தார்கள்.

முதல் நாள் மணி அடித்ததும் புஷ்பபாய் ஓடிவந்தாள்.

"என்ன வேணும்?"

"ஒண்ணும் வேண்டாம். இச்சிரி நேரம் முற்றத்தில நில்லு."

"தீனி போடாம கெடக்கு."

"கெடக்கட்டும். நல்லா மூச்சு எடு. நீயும் விழுந்தா எனக்கு ஆரு உண்டு?"

மாஸ்க்கைக் கழற்றிவிட்டு முற்றத்தில் நின்றாள். உள்ளே கோழிகள் கத்திக்கொண்டிருந்தன.

அன்றிலிருந்து மணி அடிக்கடி அடிக்கிறது. எது அவர் தேவைக்கு, எது அவள் மூச்சுக்கு என்று உள்ளே இருப்பவளுக்குத் தெரிவதில்லை. எல்லாவற்றுக்கும் வெளியே வருகிறாள். கொஞ்ச நேரம் நிற்கிறாள். பிறகு மாஸ்க்கைக் கட்டிக்கொண்டு மறுபடியும் உள்ளே போகிறாள்.