நாலு புது டயரும் பழைய பத்திரிகைக் கட்டும்

காலை ஆறு மணி பத்து நிமிடம். முன்கண்ணாடியில் முதலில் தெரிந்தது தேயிலைச் செடி. தெரு தெரிந்திருக்க வேண்டிய இடம் அது.

தெருவைத் தேடினேன். பக்கத்துக் கண்ணாடிகளில் இருந்தது. வந்த வழி வலப்பக்கம், கண்டிக்குப் போகும் வழி இடப்பக்கம். கார் வத்தேகம வீதியின் வளைவொன்றில் குறுக்கே நின்றது. இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்தேன். பின் சில்லுக்கும் பள்ளத்துக்கும் நடுவே ஒரு சாண் அளவு புல் இருந்தது. ஈரத் தாரில் பின் சில்லுகள் வழுக்கிய இரண்டு தடங்கள் பிறை மாதிரி வளைந்து கிடந்தன.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. கொழும்புத் தமிழ்ப் பத்திரிகை ஒன்றுக்குக் கண்டியிலிருந்து செய்தி எழுதிக்கொண்டிருந்தேன். முந்தின நாள் வத்தேகமவில் ஒரு கூட்டத்துக்குப் போய், இரவு அங்கேயே தங்கி, முதல் வாடகைக் காரில் திரும்பிக்கொண்டிருந்தேன். பயந்திருக்க வேண்டும். பயம் வரவில்லை. நெஞ்சு அடித்துக்கொண்டது உண்மை. ஆனால் அந்தப் பிறைத் தடத்தின் அகலத்தைக் காலால் அளந்து குறிப்புப் புத்தகத்தில் எழுதியதும் உண்மை.

பின் இருக்கையில் தோட்டத்துக் கங்காணி ஒருவர், மூன்று கோழிகளோடு வந்தார். இப்போது இரண்டு கோழிதான் அவர் மடியில் இருந்தது. மூன்றாவது முன் இருக்கையில், நான் எழுந்த இடத்தில் உட்கார்ந்திருந்தது.

“என்னாங்க நானா, வண்டி மூஞ்சி ஒரு பக்கம் போகுது, முதுகு ஒரு பக்கம் போகுது? நான் கண்டிக்குத்தானே காசு குடுத்தேன், தேயிலை மலைக்கா?” என்றார்.

கார்க்காரர் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். ஊரில் எல்லாரும் அவரை நானா, முஸ்லிம் வழக்கில் அண்ணன், என்றுதான் கூப்பிட்டார்கள், நானும் அப்படித்தான். நாற்பது வயது இருக்கும். குடும்பத்துக்குக் கண்டியில் துணிக்கடை. அதில் தன் பங்கை அண்ணனிடம் விட்டுக்கொடுத்து இந்தக் காரை வாங்கியிருந்தார். மேலே கூரையும் நாலு கதவும் கண்ணாடியும் உள்ள மூடிய கார், செடான் என்பார்கள். கண்டி வாடகைக் கார் ஸ்டாண்டில் மற்றவை எல்லாம் கான்வஸ் மூடிய திறந்த கார்கள். மழையில் நனையாமல் போக விரும்புகிறவர்கள் நானாவிடம் வருவார்கள். அதே கூரையின் பாரத்தால்தான் வளைவுகளில் அது மற்றக் கார்களைவிட அதிகம் சாய்ந்தது.

“வெள்ளிக்கிழம டெஸ்ட் ஈக்குது தம்பி,” என்றார் கடைசியில். அன்று செவ்வாய்க்கிழமை.

வாடகைக் கார்களுக்கு வருடாந்தப் பரிசோதனை. பரிசோதகர் பின் இருக்கையில் ஏறிக்கொண்டு, மலைச் சரிவொன்றில் இறங்கச் சொல்வார். போன வருடமே நானாவின் காரைப் பற்றி “பின்புறம் விலகுகிறது” என்று எழுதி, ஒரு வருடம் தவணை கொடுத்திருந்தார். இம்முறையும் விலகினால் வாடகைத் தகடு போய்விடும். தகடு போனால் நானா திரும்பவும் அண்ணன் கடையில் நின்று கஜக்கோலால் சீத்தைத் துணி அளக்க வேண்டும். அண்ணன் அதற்குக் காத்திருக்கிறார் என்பது ஊருக்கே தெரியும். “சீலை கிழிச்சவன் ரோட்டக் கிழிக்கப் போறானாம்” என்று கார் வாங்கிய அன்றைக்கே சொன்னவர் அவர்.

ஸ்டாண்டுக்கு எங்களுக்கு முன்பே செய்தி வந்துவிட்டது. வழியில் எங்களைத் தாண்டிப் போன லொறிக்காரன் சொல்லியிருந்தான்.

“வழி விடுங்கடா, பெரஹர ஊர்வலத்துக்கு ஆடுற வண்டி வருது!”

“ஆட்டக்காரிக்குச் சலங்க எங்க நானா?”

நானா இறங்கி நாலு டயரையும் வரிசையாக உதைத்தார். அது ஸ்டாண்டின் வழக்கம். காலையில் கார்க்காரர்கள் செய்யும் முதல் வேலை. உதைத்த கால் வலித்தால் காற்று சரி. வலிக்காவிட்டால் பம்ப் வெளியே வரும். காற்றழுத்தம் பார்க்கும் கருவி ஒருவரிடமும் இல்லை. அதைத் தேவை என்று நினைத்தவரும் இல்லை. நானா உதைத்தபோது நாலும் கல் மாதிரி இருந்தன. ஆனால் பின் டயர்களில் வெட்டுகள் தேய்ந்து, உள்ளங்கைபோல மழமழவென்று இருந்ததைத் தடவிப் பார்த்தேன்.

“டயர் மாத்தணும் நானா,” என்றேன்.

“எந்த டயர்? அதச் செல்லுங்க,” என்றார். ‘சொல்லுங்க’வை அவர் அப்படித்தான் சொல்வார்.

அந்தக் கேள்விக்காகவே நான் காத்திருந்தேன் என்று இப்போது தோன்றுகிறது. எனக்குச் சொந்தமாகச் சைக்கிள்கூட இல்லை. ஆனால் பத்திரிகைக்கு வரும் டயர் விளம்பரங்களை எல்லாம் தமிழாக்கிக் கொடுத்தவன் நான். ஒல்லியான பழைய வகை, அகலமான புது வகை, பழைய உடலுக்குப் புதுத் தோல் போட்டது எல்லாம் எனக்கு மனப்பாடம். பேசத் தொடங்கியவன் பத்து நிமிடம் நிறுத்தவில்லை. நானா பொறுமையாகக் கேட்டார். பிறகு, “சரி, நீங்களும் வாங்க,” என்று மோட்டார் சாமான் கடைக்கு என்னையும் கூட்டிப்போனார்.

கடையில் கணக்கெழுதும் யாழ்ப்பாணத்து லிகிதர் ஒருவர். வெள்ளைக் கோட்டு, காதில் பென்சில். மூன்று டயர்களை மேசைமேல் கிடத்தினார். முதலாவது நானா வழக்கமாகப் போடுவது: ஒல்லி, தடித்த கட்டைகள், இறுகப் பிடித்த உடல். இரண்டாவது புதுத் தோல் போட்டது. மூன்றாவதைப் பார்த்ததும் எனக்குக் கை பரபரத்தது. அகலம் ஒன்றரை மடங்கு. நீளவாக்கில் ஐந்து வரிகள், அவற்றின் ஓரங்களில் வாள்பல் மாதிரி சிறு வெட்டுகள். விளம்பரப் படத்தில் நான் பார்த்த அதே டயர்.

நானா அதைப் பெருவிரலால் அழுத்தினார். உள்ளே போனது.

“இது என்ன, புள்ளைக்குச் சூப்பியா? இதுல ஏறி மலையில போறதா?”

“ஓம் நானா, மெத்தெண்டுதான் இருக்கும். அதுதானே விசயம்,” என்றார் லிகிதர். “ரோட்டைக் கையால பொத்திப் பிடிச்ச மாதிரிப் பிடிக்கும். உங்கட ரிம்முக்கே பொருந்தும். ஆனா நாலும் ஒரே சாதியாப் போட வேணும். காத்துக் குறைய அடியுங்கோ, பழசுக்கு அடிச்ச மாதிரி அடிக்காதேங்கோ.”

“நீங்க கார் ஓட்டுவீங்களா?”

“இல்லை, நான் நடந்துதான் வாறனான்.”

நானா தலையாட்டினார். நடந்து வருகிற ஒருவர் காற்றைப் பற்றிச் சொல்வதைக் கேட்கும்போது கார்க்காரர் ஆட்டும் தலை அது. பிறகு என்னைப் பார்த்தார். அவர் மனம் ஒல்லி டயரில்தான் இருந்தது. அதை அவர் அறிவார். அது அவரைக் குழியில் தள்ளினாலும் தெரிந்த டயர்.

“அகலந்தான் நானா,” என்றேன்.

“நீங்க செல்றதால எடுக்கிறேன்,” என்றார்.

வியாழக்கிழமை பிற்பகல் நாலு டயரும் ஏறின. கார் ஒரு விரற்கடை உயர்ந்ததுபோலத் தெரிந்தது. கறுப்பு பளபளத்தது. ஸ்டாண்டே சுற்றி நின்றது. நானா பம்ப்பை எடுத்து அடித்தார். களைத்ததும் இன்னொருவர் அடித்தார். ஆளுக்கொரு டயர் என்று அடித்தார்கள். கேலி செய்தவர்களும் வியர்வை சொட்ட அடித்தார்கள். கடைசியில் நானா உதைத்தார். முகம் சுளித்து ஒரு காலில் நின்றார். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். லிகிதர் சொன்னது என் குறிப்புப் புத்தகத்தில் எழுதியிருந்தது. அது சட்டைப் பையில் இருந்தது.

தூறலில் பேராதனை வீதியில் ஓட்டிப் பார்த்தோம். முதல் வளைவிலேயே பின்புறம் துள்ளியது. இரண்டாவதில் துள்ளி விலகியது. பந்துமேல் பலகை வைத்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. பழைய டயர் வழுக்கத்தான் செய்தது. இது குதித்து வழுக்கியது. நானா ஓரமாக நிறுத்தினார்.

“உங்கட பேப்பர்ல அச்சடிக்கிறதெல்லாம் இப்படித்தானா தம்பி?”

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அமைதியாகச் சொன்னார். விடிந்தால் பரிசோதனை. “பழசையே ஏத்திருவோம். தெரிஞ்ச பேய் நல்லது,” என்றார்.

திரும்பிவந்து ஸ்டாண்டில் நிறுத்தும்போது மணி ஐந்தேகால். நான் இறங்கிக் குனிந்த தலையோடு நின்றேன். அதனால்தான் தரையைப் பார்த்தேன். சேற்றுக் குட்டை ஒன்றைத் தாண்டிக் காய்ந்த சீமெந்தில் ஏறிய சில்லுகள் தடம் விட்டிருந்தன. அகலமான டயரின் தடம் ஒல்லியாக இருந்தது. எண்ணினேன். டயரில் ஐந்து வரி. தரையில் ஒன்று, நடு வரி மட்டும்.

கொழும்பு அச்சகத்தில் ஒரு வருடம் புரூஃப் பார்த்தவன் நான். தாள் சமமாகப் படியாவிட்டால் பக்கத்தின் நடு மட்டும் கறுப்பாக விழும், ஓரத்து எழுத்தெல்லாம் காணாமல் போகும். அச்சுக்காரர் முதலில் படியும் விதத்தைத்தான் சரிசெய்வார்.

“நானா! டயர் நடுவில மட்டும்தான் நிக்குது! காத்து கூடிப் போச்சு!”

லிகிதர் சொன்னதைப் புத்தகத்தைத் திறந்து வாசித்துக் காட்டினேன். எவ்வளவு குறைய என்று அவர் சொல்லவில்லை. நாங்கள் கேட்கவும் இல்லை. கடை ஐந்து மணிக்கே பூட்டியாகிவிட்டது.

என் அறை ஸ்டாண்டுக்குப் பின்னால். விற்காமல் கிடந்த பத்திரிகைக் கட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தேன். தாள்களை விரித்தோம். சில்லில் சேற்றைப் பூசிக் காரை அதன்மேல் உருட்டினோம். முதல் தாளில் ஒரு வரி.

“காத்த இறக்குங்க.”

“அல்லாஹ்வே!” நானா வால்வில் விரலை வைக்கத் தயங்கினார். ஸ்டாண்டில் எவரும் தன் கையால் காற்றை வெளியே விட்டதில்லை. சீறல் கேட்டதும் கார்க்காரர்கள் எல்லாரும் திரும்பினார்கள். “என்ன நானா, நோன்பு தொறக்கிறியளா?” என்று ஒருவர் கேட்டார். இரண்டாவது தாளில் மூன்று வரி விழுந்தது.

“ஆளில்லாத வண்டி வேற, ஆளேறின வண்டி வேற,” என்றார் நானா திடீரென்று. அது எனக்குத் தோன்றியிருக்காது. “ஏறுங்கடா பின்னுக்கு!”

கேலி செய்தவர்களில் பருத்த மூவர் பின் இருக்கையில் ஏறினார்கள். “நம்மளக் கோழி எண்டு நெனச்சாரோ,” என்று ஒருவர் முனக, இன்னொருவர் கொக்கரித்தார். மறுபடி உருட்டினோம். நாலு வரி, ஐந்தாவது பாதி. இன்னும் கொஞ்சம் சீறல். ஆறாவது தாளில் ஐந்து வரியும், ஓரத்து வாள்பல் உட்பட, தலையங்கத்தின் குறுக்கே தெளிவாக விழுந்தன. நான் அந்தத் தாளைத் தூக்கிப் பிடித்துக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. மற்ற மூன்று சில்லுக்கும் அப்படியே செய்தோம். பத்திரிகைக் கட்டில் பதினெட்டுத் தாள்கள் தீர்ந்தன.

கடைசியாக நானா வழக்கப்படி ஒரு டயரை உதைத்தார். கால் வலிக்கவில்லை. அவர் முகம்தான் வலித்தது.

மறுநாள் காலை ஒன்பது மணி. ஜும்மாத் தொழுகைக்குப் போக வெள்ளைச் சட்டையும் தொப்பியும் போட்டுத் தயாராக வந்திருந்தார் நானா. தூறல் விடவில்லை. பரிசோதகர் சிங்களவர், உயரமானவர், கனத்த சப்பாத்து. காரைச் சுற்றி வந்தார். பின் டயருக்கு முன்னால் நின்றார். சப்பாத்தால் உதைத்தார்.

அவரும் டயரை உதைத்துப் பார்க்கும் அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்தான்.

இன்னொரு முறை உதைத்தார். “காற்றில்லையே. அடித்துக்கொண்டு வா,” என்று சிங்களத்தில் சொன்னார்.

பம்ப் காலடியில் இருந்தது. நானா என்னைப் பார்க்கவில்லை. காரின் கதவைத் திறந்து பிடித்தபடி, அவரும் சிங்களத்திலேயே, “முதலில் ஏறுங்கள் ஐயா. சரியில்லையென்றால் தகட்டை நானே கழற்றித் தருகிறேன்,” என்றார். பரிசோதகர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஏறினார். நான் முன்னால் ஏறிக்கொண்டதை அவர் தடுக்கவில்லை.

ஏரிக்கு மேலே போகும் பாதையில் ஏறி, மறுபக்கச் சரிவில் இறங்கினோம். பரிசோதகர் பக்கத்துத் தோல்வாரைப் பிடித்திருந்தார். முதல் வளைவில் நானா நிதானமாகத் திரும்பினார். “வேகம்,” என்றார் பின்னாலிருந்தவர். இரண்டாவது வளைவு கூர்மையானது, தாரில் தண்ணீர் வழிந்தது. நானாவின் கழுத்து நரம்பு தெரிந்தது. கார் சாய்ந்தது. பின்புறம் விலகும் அந்தக் கணத்துக்காக இடுப்பு தானாகவே இறுகியது. அந்தக் கணம் வரவில்லை. மூக்கு போன வழியில் வால் வந்தது. முன்கண்ணாடியில் தெரு இருந்தது, தெரு மட்டும்.

எனக்குச் சிரிப்பு பொங்கியது. மூன்றாவது வளைவை நானா யாரும் சொல்லாமலே இன்னும் வேகமாக எடுத்தார். நாலாவதில் திரும்பிப் பார்த்தேன். பரிசோதகர் தோல்வாரை விட்டுவிட்டு, மடியில் படிவத்தை வைத்து எழுதிக்கொண்டிருந்தார். எழுத்து கோணவில்லை.

இறங்கியதும் கையெழுத்திட்ட படிவத்தை நானாவிடம் கொடுத்தார். இன்னொரு முறை டயரை உதைத்தார், இம்முறை மெதுவாக. எந்தக் கடையில் வாங்கினாய் என்று கேட்டார். நானா கடையைச் சொன்னார். “ஆனா காத்து பேப்பர்காரர்ட,” என்று தமிழில் சேர்த்துக்கொண்டார். பரிசோதகருக்கு அது விளங்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை காலை ஆறரைக்கு ஸ்டாண்டைக் கடந்து போனேன். ஒன்பது கார்கள் நின்றன. ஆறு கார்களின் சில்லுகளுக்கு அடியில் பத்திரிகைத் தாள்கள் விரித்திருந்தன.