அலுமாரிக்குள் வைத்த மழைமானி

மண்சரிவுப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த பிறகு மழையை ரசித்த ஒரு நாள்கூட எனக்கு நினைவில்லை. கம்பளையில் எங்கள் வீட்டுத் தகரத்தில் நாலு துளி விழுந்தாலே வயிற்றைக் கலக்கும். "ஊரெல்லாம் மழ அளக்குற சாமான் குடுத்துத் திரியிறீங்க. அது என்னத்துக்கு? ஒங்கட வயிறே போதுமே" என்று மனைவி கேலி செய்வாள். நானும் சிரிப்பேன். சிரித்துக்கொண்டே யன்னலைத் திறந்து மலையைப் பார்ப்பேன்.

அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறேன். பிரிவுக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். மண்ணின் வகைகளைப் பற்றியும் கருவிகளைப் பற்றியும் எழுதப் படித்தவர்கள் இருக்கிறார்கள். நான் கண்டி மலைகளில் ஏறி இறங்கிய வெளிக்கள உத்தியோகத்தன். எனக்குத் தெரிந்த ஒரு லயத்தைப் பற்றி, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளைப் பற்றி, எழுதுகிறேன்.

1. போத்தல் கொடுத்த இடம்

நாங்கள் வீடுகளுக்குக் கொடுக்கும் மழைமானி பெரிய இயந்திரம் ஒன்றுமில்லை. ஒரு பிளாஸ்டிக் குழாய், மேலே ஒரு புனல், பக்கத்தில் மூன்று கோடுகள். தண்ணீர் மஞ்சள் கோட்டைத் தொட்டால் கவனமாக இருக்க வேண்டும். செம்மஞ்சளைத் தொட்டால் மூட்டையைக் கட்டித் தயாராக வேண்டும். சிவப்பைத் தொட்டால் வீட்டை விட்டு வெளியேற வேண்டும். சனங்கள் அதை மழைப் போத்தல் என்பார்கள். போத்தல் வைத்திருப்பவர் மழை நாட்களில் எங்களுக்கு ரீடிங் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை.

ஹந்தானைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், சரிவின் அடியில் ஒரு லயம் இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள். லயத்துக்கு மேலே முன்பு தேயிலை நின்றது. அந்தத் துண்டு ஒரு ஹோட்டலுக்குக் கைமாறியது. வாகனம் நிறுத்த இடம் வேண்டுமென்று பெக்கோ என்ற மண்வெட்டி இயந்திரத்தைக் கொண்டுவந்து மலையைச் செங்குத்தாக வெட்டினார்கள். வெட்டிய மண்ணைச் சரிவிலேயே தள்ளினார்கள். மழைத் தண்ணீரைப் பக்கத்து ஓடைக்குக் கொண்டுபோன பழைய காண் அந்த மண்ணில் மூடிப்போனது. காண் இல்லாவிட்டால் அந்தத் தண்ணீர் எங்கே போகும்? மண்ணுக்குள்தான் போகும்.

நான் பார்க்கப் போனபோது வேலைத்தளத்தில் ஒரு இளைஞர் பொறுப்பாக நின்றார். பிலிமத்தலாவைக்காரர். என் தொழுகைத் தொப்பியைக் கண்டதும் நம்மாள் என்று கதிரை எடுத்துப் போட்டார்.

"மல வெட்டுறதுக்குப் பொமிட்டெல்லாம் ஈக்கு நானா. வியூவப் பாருங்க, டவுன் முழுக்கத் தெரியும். நீங்க சும்மா பயப்புடுறீங்க."

"காணை மூடி வெச்சீக்கிறீங்களே தம்பி?"

"வேல முடிஞ்சா தோண்டிக் குடுப்போம்."

நான் அறிக்கை எழுதினேன். எங்கள் பொறுப்பதிகாரி ரவீந்திரன் சேர் யாழ்ப்பாணத்தவர், என்னைவிட வயதில் சிறியவர், காரியத்தில் கெட்டி. அவர் தன் கடிதத்தையும் சேர்த்து அனுப்பினார். கடிதம் ஒரு கந்தோரிலிருந்து இன்னொரு கந்தோருக்குப் போய்க்கொண்டிருந்தது. பெக்கோ அதற்காகக் காத்திருக்கவில்லை.

அந்த லயத்தில் மழைமானியைப் புஷ்பராணியிடம் கொடுத்தோம். கொழுந்து பறிப்பவர், நாற்பது வயதிருக்கும். லயத்தில் கடைசி அறையான காம்பரா அவருடையது. முற்றத்தில் மழையை மறைக்கும் மரம் இல்லை, கையில் தொலைபேசி உண்டு, எழுத்து வாசிப்பு உண்டு. இதைவிட நல்ல ஆள் கிடைக்காது. கந்தோர் வழக்கப்படி கையெழுத்து வாங்கினேன். குழாயில் அரச உடைமை என்று ஒட்டியிருந்ததை அவர் இரண்டு தரம் வாசித்தார். அப்போது அதை நான் கவனித்தேனே தவிர, அதில் யோசிக்க ஒன்றும் இருப்பதாகப் படவில்லை.

2. கோழி போன கதை

போத்தல் கொடுத்து இரண்டாவது மாதம் ஒரு மழை பிடித்தது. சிவப்புக் கோட்டைத் தாண்டிவிட்டதென்று புஷ்பராணி சொன்னார். உடனே எல்லாரையும் பாடசாலை மண்டபத்துக்கு அனுப்பினோம். மூன்று இரவுகள் சீமெந்துத் தரையில் படுத்தார்கள். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தது. மலை அசையவேயில்லை. திரும்பிப் போய்ப் பார்த்தால் யாரோ கோழிகளைப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள்.

லயத்துக்குப் போனபோது என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "மல வரும் மல வரும்னீங்க. கோழி போனதுதான் மிச்சம்" என்றார் ஒரு மனிதர். "இனிமே கட்டித் தூக்கிட்டுப் போனாலும் நாங்க வர மாட்டோம் சேர்."

அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது. பாடசாலையிலிருந்தும் முறைப்பாடு போய், ரவீந்திரன் சேருக்கு மேலிடத்திலிருந்து நல்ல ஏச்சு விழுந்தது. அவர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "இனி ரீடிங் சிவப்புக்கு வராமல் ஒருத்தரையும் வீட்டை விட்டு எழுப்பக் கூடாது. விளங்குதோ? இன்னொருக்கா பிழைச்சால் சனம் எங்களை நம்பாது."

மலை விழாதது நல்லதுதானே என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அப்படியும் பயம் போகவில்லை. அடுத்த முறை விழும்போது இவர்கள் வீட்டுக்குள் இருப்பார்கள் என்ற எண்ணம் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது.

3. தகரத்தின் சத்தம்

பிறகு அந்தப் பெரிய மழை வந்தது. முதல் நாள் பின்னேரம் தொடங்கி விடாமல் கொட்டியது. கண்டிக் கந்தோரில் எல்லாத் தொலைபேசிகளும் அலறிக்கொண்டிருந்தன. ஹந்தானைப் பக்கத்துத் தானியங்கி மழைமானியிலிருந்து தகவல் வருவது நின்றுவிட்டது. அந்தச் சரிவுக்கு எங்களிடம் மிஞ்சியது புஷ்பராணியின் போத்தல் ஒன்றுதான்.

மத்தியானம் நானே அழைத்தேன்.

"ரீடிங் என்ன?"

"மஞ்சக் கோட்டுக்குக் கீழதான் சேர் நிக்குது."

எனக்குப் பெரிய நிம்மதி. அங்கே மழை குறைவு போலிருக்கிறது என்று பக்கத்தில் நின்ற ரவீந்திரன் சேருக்குக் கையால் சைகை காட்டினேன். அவரும் அடுத்த தொலைபேசியை எடுக்கப் போனார். நான் வைக்கப் போன நேரத்தில் புஷ்பராணி இன்னும் ஏதோ சொன்னார். ஒரு சொல்லும் காதில் விழவில்லை. "என்னது? என்னது?" என்று கத்தினேன். அவரும் கத்தினார். கேட்கவில்லை. அவருடைய குரலை அமுக்கிக்கொண்டு வேறு ஏதோ இரைந்தது.

அது அவர் வீட்டுக் கூரைத் தகரத்தில் மழை விழும் சத்தம்.

அவ்வளவு மழைக்குப் போத்தல் நிரம்பி வழிய வேண்டும். மஞ்சளைக்கூடத் தொடவில்லை என்றால் எப்படி? இரைச்சல் சற்றுத் தணிந்ததும் கத்திக் கேட்டேன்.

"புஷ்பராணி, போத்தல் இப்ப எங்க ஈக்கு?"

"பத்திரமா இருக்கு சேர். காத்துக்கு ஆடுச்சு, ஒடஞ்சிரும்னு நேத்தே கழட்டி சீலையில சுத்தி அலுமாரிக்குள்ள வெச்சிட்டேன். நேத்துத் தண்ணி அப்பிடியே இருக்கு."

அவரைக் குறை சொல்லி என்ன பயன்? தோட்டத்தில் கையெழுத்து வைத்து வாங்கும் எந்தச் சாமானுக்கும் இதுதான் விதி. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோ, கொழுந்துச் சாக்கோ, போனாலும் உடைந்தாலும் சம்பளத்தில் வெட்டுவார்கள். காற்று அடித்தால் சாமானை உள்ளே எடுத்து வைப்பதுதான் அவர் பிறந்ததிலிருந்து கண்ட பொறுப்பு. மழையை அளக்கும் பொருளை மழையில் நனையவிடாமல் அவர் காப்பாற்றியிருந்தார்.

இனி அளப்பதற்கு நேரமில்லை. லயத்துக்குப் பின்னால், சரிவிலிருந்து ஊற்றுத் தண்ணீர் வரும் பீலி ஒன்று இருந்தது. அங்குதான் எல்லாரும் குளிப்பார்கள், குடிக்கவும் அள்ளுவார்கள்.

"பீலியில தண்ணி எப்பிடி வருது? போய்ப் பார்த்துச் சொல்லுங்க. ஓடுங்க!"

அவர் திரும்பி வரும்வரை தகரம் இரைந்துகொண்டே இருந்தது. எனக்குத் தெரிந்த ஓதல் எல்லாவற்றையும் ஓதினேன்.

"பீலி நின்னு போச்சு சேர்" என்றார். "சொட்டுத் தண்ணி வரல. இந்த மழைக்கு எப்பிடி சேர் நிக்கும்?"

இவ்வளவு மழையில் ஊற்று நின்றால், தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் மலைக்குள் தேங்குகிறது என்று அர்த்தம். தேங்கினால் அது மலையைத் தள்ளும். ரவீந்திரன் சேரிடம் ஓடினேன்.

"சேர், ரீடிங் இல்ல. போத்தல் அலுமாரிக்குள்ள. ஆனா பீலி நின்டிட்டு."

அவர் என் முகத்தைப் பார்த்தார். முந்தைய ஏச்சு அவருக்கும் ஞாபகம் வந்திருக்கும். இந்த முறையும் பொய்த்தால் அவர் கதிரை மிஞ்சாது.

"ஆக்களை எழுப்புங்கோ" என்றார். "மேல நான் கதைக்கிறன். ஜீப்பை எடுத்துக்கொண்டு ஓடுங்கோ."

4. டிவி

எல்லாரையும் கூட்டிக்கொண்டு பாடசாலைக்கு இறங்கும்படி புஷ்பராணியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். மண்ணும் மரமும் விழுந்து பாதை மறிபட்டிருந்ததால் ஜீப்பைப் பாதி வழியில் விட்டுவிட்டு நடந்தேன். வழியெல்லாம் புஷ்பராணியை அழைத்தேன். தொடர்பு கிடைக்கவில்லை. சனம் வர மாட்டேன் என்று சொன்னது மட்டும்தான் காதில் ஓடியது. பெரிய வளைவில் திரும்பியபோது எதிரே அவர்கள் வந்துகொண்டிருந்தார்கள். குழந்தைகளைத் தோளில் சுமந்தவர்கள், கிழவர்களைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தவர்கள், கொழுந்து பறிக்க இடுப்பில் கட்டும் தார்ப்பாய்ப் படங்கைத் தலையில் போட்டவர்கள். நான் அங்கேயே அழுதுவிட்டேன். மழையில் யாருக்கும் தெரிந்திருக்காது.

எப்படி வந்தார்கள் என்பதைப் பிறகு சொன்னார்கள். புஷ்பராணி கதவு கதவாகத் தட்டியிருக்கிறார். ஒருவரும் அசையவில்லை. "நீ போ, நாங்க கோழிக்குக் காவல் இருக்கோம்" என்று நக்கலடித்திருக்கிறார்கள். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. வீட்டுக்குள் போய், தவணைக்கு வாங்கிய டிவியைப் படங்கில் சுற்றி, புருஷனும் தானுமாகத் தூக்கிக்கொண்டு மழையில் இறங்கியிருக்கிறார். முந்தைய முறை எல்லாரும் டிவியை வீட்டில் பூட்டிவிட்டுத்தான் போனார்கள். புஷ்பராணி வீட்டு டிவி வெளியே வருகிறதென்றால் விளையாட்டில்லை என்று லயத்துக்கு விளங்கிவிட்டது.

அவர் என்னிடம் வந்து, இடுப்பில் செருகியிருந்த துணிப்பொட்டலத்தை எடுத்து நீட்டினார். உள்ளே மழைமானி.

"இந்தாங்க சேர். ஒரு கீறல்கூட இல்ல."

சிரிப்பதா, அவர் கையைப் பிடித்து அழுவதா என்று தெரியவில்லை. வாங்கிக்கொண்டேன்.

எல்லாரும் பாடசாலைக்குப் போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் மலை வந்தது. பெரிய லொறியில் இருந்து கருங்கல் கொட்டுவது போல ஒரு சத்தம். மழை விட்டதும் போய்ப் பார்த்தோம். லயத்தின் பாதி இல்லை. புஷ்பராணியின் காம்பரா இருந்த இடத்தில் ஹோட்டல்காரர் வெட்டித் தள்ளிய சிவப்பு மண்ணும், வாகனத் தரிப்பிடத்துக்குப் பரப்பிய கல்லும் கிடந்தன. ஒரு பசு போய்விட்டது. மனிதர்கள் எல்லாரும் இருந்தார்கள்.

5. புதியவர்களுக்கு

அறிக்கையில் காரணம் என்ற இடத்தில் மழை, மலை வெட்டியது, காண் மூடியது என்று மூன்றையும் எழுதினேன். அறிக்கை மேலிடத்திலிருந்து திரும்பி வந்தபோது அதில் மழை மட்டும் மிஞ்சியிருந்தது. "மழை எண்டு போட்டால் ஒருத்தரும் கேள்வி கேக்க மாட்டினம்" என்றார் ரவீந்திரன் சேர், கசப்போடு. மழை நீதிமன்றத்தில் வந்து நின்று மறுக்காது, மேன்முறையீடும் செய்யாது. எல்லாப் பழியும் அதன் தலையில்.

கொஞ்ச நாளில் பாடசாலையைத் திறக்க வேண்டும் என்றார்கள். மாற்றுக் காணி வரும் என்றார்கள். காணி வரவில்லை. சனங்கள் மிஞ்சிய பாதி லயத்துக்கு, இரண்டு குடும்பம் ஒரு காம்பராவில் என்று, திரும்பிப் போனார்கள். புஷ்பராணிக்கு மறுபடி போத்தல் கொடுத்தேன். இந்த முறை கையெழுத்து வாங்கவில்லை. "ஒடஞ்சா ஒடயட்டும். நனையத்தான் இது ஈக்கு" என்றேன். நீங்களும் போத்தல் கொடுக்கும் இடமெல்லாம் அதைச் சொல்லுங்கள். ரீடிங்கைக் கேட்டதோடு தொலைபேசியை வைத்துவிடாதீர்கள். பின்னால் கேட்கும் சத்தத்தையும் கேளுங்கள். நான் கற்றது இவ்வளவுதான் என்று இந்தக் குறிப்பை முடித்து வைத்திருந்தேன்.

ஆனால் இன்று காலை, நல்ல வெயிலில், புஷ்பராணி அழைத்தார். வெயில் நாட்களில் அவர் அழைப்பதில்லை.

"மழ இல்லத்தானே, என்ன விசயம்?"

"மழ இல்ல சேர். போத்தல் காஞ்சு கெடக்கு. மேல திரும்பப் பெக்கோ வந்திருக்கு. விடிஞ்சதுல இருந்து வெட்டுறாங்க. செவரெல்லாம் அதிருது. புள்ளைங்கள வெளிய கூட்டிட்டு வந்து நிக்கிறேன்." பிறகு கேட்டார்: "இதுக்குப் போத்தல்ல எந்தக் கோடு சேர்?"

முப்பது வருடத்துக்குக் கிட்டவான வேலையில் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. எங்கள் கருவி எதிலும் அதற்குக் கோடு கிடையாது. ரீடிங் இல்லாமல் எழுப்பக் கூடாது என்பது இன்றும் கந்தோர் உத்தரவு.

"செவப்பு" என்றேன். "எல்லாரையும் கூட்டிட்டு எறங்குங்க. நான் வாறேன்."