மூன்று பாட்டில் சாட்சி

திருத்தங்கலில் ஓர் அச்சகம். நான் இயேசுவிடம் வந்த கதையை, அதாவது என் சாட்சியை, இரண்டாம் முறையாகத் துண்டுப் பிரசுரம் போட வந்திருக்கிறேன். காலண்டர் சீசன் என்பதால் எங்கும் சாமி படங்கள். அவற்றுக்கு நடுவே டைப் அடிக்கும் அக்கா பழைய பிரதியையும் புதியதையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்.

"அண்ணாச்சி, போன தடவ ஒரு பாட்டில் சாராயம் குடிச்சீக. இப்ப மூணுன்னு இருக்கு. எது சரி?"

உண்மையில் நான் மோருக்கு மேல் எதையும் குடித்தவனல்ல. சாட்சி சொன்ன கூட்டங்களில் அல்லேலூயா சத்தம் கூடக் கூட, பாட்டிலும் கூடிவிட்டது. அசடு வழிய ஒப்புக்கொள்கிறேன்.

"அப்ப நெசமா என்னதான் நடந்துச்சு?"

"மகளுக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரி வாசல்ல பயந்துக்கிட்டே முதல் தடவையா ஜெபம் பண்ணினேன். காய்ச்சல் இறங்க நாலு நாள் ஆச்சு. பயம் மட்டும் அப்பவே போயிருச்சு. அவ்வளவுதான்க்கா. இதை யார் படிப்பா?"

அக்கா பிரதிகளைக் கீழே வைக்கிறார்.

"எம் புருசன் பட்டாசுக் கம்பெனில மருந்து கலக்குறாரு. அவரு வீடு திரும்புற வரைக்கும் பயத்துல வாசலையே பாத்துக்கிட்டு இருப்பேன். உங்க பாட்டில் எனக்கு எதுக்கு? அந்தப் பயம் எப்பிடிப் போச்சுன்னு போடுங்க, நான் படிக்கேன்."

தலையாட்டுகிறேன். அக்கா கணினியில் ஒரு தட்டுத் தட்ட, மூன்று பாட்டில்களும் மறைகின்றன. வாழ்நாளில் குடிக்காத நான் இன்றுதான் குடியை விடுகிறேன்.