மேகம் பார்த்துக்கொண்டே இறங்கினேன்

குழந்தைகளே, நெய்வேலிச் சுரங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், மகளோடு தங்குவதற்காக மனைவியுடன் கனடா போனேன். விமான ஜன்னலில் பார்த்த மேகங்கள், நம் சுரங்கத்து மண்மேடுகளே வெள்ளையாகி மிதப்பதுபோல் இருந்தன. அந்தக் கனவோடுதான் இறங்கினேன்.

குடியேற்ற அதிகாரி மருத்துவக் காப்பீட்டுத் தாளைக் கேட்டார். பிள்ளைகளோடு நீண்டநாள் தங்க வரும் பெற்றோரிடம் அது இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்களாம். நானோ அதைப் பெரிய பெட்டிக்குள் வைத்து லக்கேஜில் போட்டிருந்தேன்; இந்தச் சோதனை முடிந்த பிறகுதான் அது கைக்கு வரும்! வெளியே மகள் காத்திருந்தாள். வீணாகச் சட்டைப்பையைத் துழாவினேன்.

நல்லவேளை, மனைவி தன் கைப்பையில் ஒரு நகல் வைத்திருந்தாள். அதை எடுத்து நீட்டியபடி, "பாஸ் இல்லாம ஒருநாளாவது மைன்ஸ் கேட்டுக்குள்ள போயிருப்பீங்களா? இங்க மட்டும் வானத்தப் பாத்துகினே வந்துட்டீங்க!" என்றாள். அதிகாரி முத்திரை குத்தினார்.

இப்போதெல்லாம் பயணம் என்றால், வேலை நாட்களில் சுரங்க பாஸ் வைத்திருந்த அதே சட்டைப்பையில் காப்பீட்டுத் தாளை வைக்கிறேன். அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் மேகம் பார்க்கிறேன்.