ஒற்றை ஆளுக்கு மட்டும் திறக்கும் மிஷின்

இன்று காலை நான் வந்த வேலூர் பஸ்ஸில் அன்வர் ஏறினார். எண்பதுகளின் கடைசியில், ஆரணியில் ஒரு பட்டு வியாபாரியின் ஆபீஸில் நாங்கள் இருவரும்தான் பல பேர் ஒரே நேரத்தில் வேலை செய்யும் யூனிக்ஸ் கம்ப்யூட்டர் மிஷினைப் பார்த்துக்கொண்டோம்.

“எப்டிக்கா கீறீங்க?”

“ஏந்திருக்கறேன், சமைக்கறேன். வூட்டுக்காரரு செத்ததுலேர்ந்து யாரையும் உள்ள வுடப் பிடிக்கலப்பா.”

அவர் ஆறுதல் சொல்லவில்லை. “கரன்ட் போய் வந்தா நம்ம மிஷினும் அப்டித்தான கெடக்கும்” என்றார்.

ஆமாம். மிஷின் எழுந்ததும் முதலில் ஓடுவது இனிட் என்கிற புரோகிராம். மற்ற எல்லாவற்றையும் அதுதான் கிளப்பிவிடும். டிஸ்க் அடிபட்டிருந்தால் பாதியிலேயே நின்றுவிடும். ஒரே ஒருவருக்குத்தான் திரை வரும். மற்றவர்கள் மேஜையில் இருக்கும் டெர்மினல்கள் இருட்டாகவே கிடக்கும். பழுது பார்த்துவிட்டு, கீபோர்டில் கன்ட்ரோல், ‘டி’ என்ற இரண்டு பட்டன்களையும் சேர்த்து அழுத்தினால்தான் மற்றவர்கள் உள்ளே வரலாம்.

இறங்கும்போது அன்வர் சொன்னார்: “ரிப்பேர் முடியறதுக்கு முன்ன அழுத்திடாதீங்கக்கா. ஆனா நீங்கதான் அழுத்தணும்.”

வீட்டுக்கு வந்து, கதவைத் தாழிட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

அந்த இரண்டு பட்டன்களும் ஒரு வீட்டில் எந்தப் பக்கம் இருக்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அவசரமில்லை.