பால் குடித்த பந்தக்கால் குழி

கொட்டாம்பட்டிப் பொட்டலில், ஆடிக் காற்றுக்கு நடுவே மாநாட்டுப் பந்தல் நிறுத்தியவன் நான். திருப்பரங்குன்றத்தில் ஒரே முகூர்த்தத்தில் பதினோரு கல்யாணத்துக்குப் பந்தல் போட்டு, பதினோரு இடத்திலும் சாப்பிட்டவன் நான். வாடிப்பட்டியில் மழை கொட்டி, மைக் செட்காரன் ஓடி, சமையல்காரன் ஓடி, மாப்பிள்ளையே ஓடப் பார்த்தபோது ஒரு சொட்டு ஒழுகாமல் நின்றது என்னுடைய தகரக் கொட்டகை. படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. அளவு நாடா பிடித்ததில்லை, நடந்தே அளந்துவிடுவேன். ஒரே குறை, நான் கட்டியதையெல்லாம் மறுநாளே பிரித்துவிடுவார்கள்.

மேயரானதும் பந்தலால்தான். எல்லாக் கட்சிக்கும் போட்டேன். எந்தத் தலைவரும் மேடை ஏறுமுன் "தாங்குமாய்யா?" என்று என்னிடம்தான் கேட்பார். அதில் ஒரு கட்சி எனக்குக் கவுன்சிலர் சீட் கொடுத்தது. ஜெயித்த பிறகு கட்சிக்குள் இரண்டு கோஷ்டி, யார் மேயர் என்று முட்டிக்கொண்டு நின்றது. இரண்டு கோஷ்டி வீட்டுக் கல்யாணத்துக்கும் பந்தல் போட்ட ஒரே ஆள் நான். என்னை உட்கார வைத்துவிட்டார்கள். சிவப்பு அங்கி மாட்டி, கழுத்தில் பெரிய சங்கிலி போட்டார்கள். என் பழைய மேஸ்திரி மொக்கச்சாமி, நான் விட்ட தொழிலை இப்போது நடத்துகிறவன், சுற்றி வந்து பார்த்தான்.

"அண்ணே, கோயில் மாடு மாதிரியே இருக்கீக."

வாசப்படி

தெற்குவாசல் பக்கம் ஒரு நீளத் தெரு. மழை பெய்தால் சாக்கடை வாசலுக்கு ஏறும். நான் மேயரான வருஷம் குடிதண்ணீர்க் குழாயிலேயே நாற்றம் வந்துவிட்டது. தரைக்கு அடியில் பழைய கல்கட்டுச் சாக்கடை வாய்க்கால் போகிறது. எங்கே அடைத்திருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. அந்தக் காலத்து வரைபடம் கிடையாது, மேலே ரோட்டுக்கு மேல் ரோடாகப் போட்டுத் திறப்பே இல்லாமல் மூடிக் கிடந்தது. தெரு முழுக்கத் தோண்டிப் புதுச் சாக்கடைக் குழாய் பதிப்பதே வழி என்றார்கள் பொறியாளர்கள். தோண்ட இடம் வேண்டுமானால் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் வாசப்படிகளை இடிக்க வேண்டும். வருகிற மன்றக் கூட்டத்தில் தீர்மானம்.

அந்தத் தெருவில் இட்லிக்கடை போட்டிருக்கும் பாண்டியம்மா என் அறைக்கே வந்துவிட்டாள்.

"மேயரய்யா, எம் வீடு எட்டடி. அடுப்பு இருக்கது படியில. படிய இடிச்சா இட்லிய நான் மடியில வச்சா அவிக்க?"

"ஆத்தா, நாத்தம் போகணுமா வேணாமா?"

"போகணும். என்னையுமில்ல அதோட சேத்துப் போகச் சொல்றீக!"

மொக்கச்சாமியையும் கூட்டிக்கொண்டு தெருவைப் பார்க்கப் போனேன். மூலையில் இருந்த பெரிய வீட்டுக்கு முன்னால் வந்ததும் எனக்குக் கால் நின்றுவிட்டது. மொக்கச்சாமியைப் பார்த்தேன். அவன் வானத்தைப் பார்த்தான்.

ஈசானிய மூலை

பல வருஷத்துக்கு முன் அந்த வீட்டுக் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டது நாங்கள்தான். முகூர்த்தக்கால் ஊன்ற, புரோகிதர் தெருவில் வடகிழக்கு மூலையில் இடம் காட்டினார். மொக்கச்சாமி கடப்பாரை போட்டான். நவதானியம் போட்டு, ஒரு செம்பு பால் ஊற்றினோம். குழியில் பால் நிற்கவில்லை. இரண்டாவது செம்பு ஊற்றினோம். அதுவும் போயிற்று.

"பூமாதேவி மனசு குளிர்ந்து ஏத்துக்கிறா" என்றார் புரோகிதர். வீட்டுக்கார அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு மூன்றாவது செம்பை எடுத்துவர ஓடினார்.

மொக்கச்சாமி என் காதில் சொன்னான்: "அண்ணே, பூமாதேவி இல்ல. கீழ சாக்கட. கடப்பார கல்லப் பொத்துருச்சு."

மற்ற குழியென்றால் ஓரடி தள்ளிப் போட்டுவிட்டுப் போயிருப்போம். பால் ஊற்றிய குழியை எந்தப் பந்தல்காரனும் மாற்றமாட்டான். மாற்றினால் அபசகுனம் என்பார்கள், பிறகு அந்தப் பொண்ணுக்குக் காய்ச்சல் வந்தால்கூட என் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். அதனால் செங்கல், ஜல்லி, இரண்டு மூட்டை சிமெண்டு எல்லாம் கொட்டி ஓட்டையை அடைத்து, அதில் கம்பை நிறுத்தினேன். யானை முட்டினாலும் அசையாது. பிரிக்கிற அன்றைக்கு எங்களாலும் அசைக்க முடியவில்லை. தரைமட்டத்துக்கு அறுத்துவிட்டு வந்துவிட்டோம்.

அன்றைக்கு ஓரமாகத் தண்ணீர் போயிருக்கும். வருஷம் போகப் போக மண்ணும் குப்பையும் சேர்ந்து அதுவும் அடைந்துவிட்டது.

ஃபைலில் எழுத முடியாது

"அண்ணே, வாயத் தொறந்துறாதீக" என்றான் மொக்கச்சாமி. "சாக்கடைய அடச்சதே மேயருதான்னு விடியங்குள்ள போஸ்டர் ஒட்டிருவாய்ங்க."

"சொல்லாட்டி அந்தப் பொம்பள படி போயிரும்டா."

"படி போனா வேற படி கட்டிக்கிரும். பேரு போனா?"

பொய் சொல்வானேன், அவன் சொன்னது எனக்குச் சரியாகத்தான் பட்டது. இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் தந்திரமாகச் செய்துவிடலாம் என்று செயற்பொறியாளரை வரச் சொன்னேன். கெட்டிக்காரப் பெண். "மூலை வீட்டுக்கு முன்னால் மட்டும் தோண்டிப் பாருங்க மேடம், தெரு முழுக்க வேணாம்" என்றேன்.

"எதை வச்சு சார் சொல்றீங்க?"

"அனுபவம்."

"அனுபவம்னு ஃபைல்ல எழுத முடியாது சார். ஒரு காரணம் வேணும். காரணம் இல்லேன்னா நாளைக்கு மன்றத்துல தீர்மானம் வந்துரும்."

பாண்டியம்மாவின் அடுப்பு கண் முன்னால் வந்தது.

"அப்ப எழுதிக்கங்க. நாந்தான் அடச்சேன்."

பேனாவை மூடினார். "இதை இப்படியே எழுதவா சார்?"

"எழுதுங்க. மூணு செம்பு பால் ஊத்துனதையும் சேத்து எழுதுங்க."

மறுநாள் காலை மெஷின் வந்தது. ஆள் யாரும் உள்ளே இறங்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். வீட்டு மூலையிலிருந்து நாலு எட்டு நடந்து நின்றேன். "இங்கன வையி." நாலடி ஆழத்தில் தட்டியது என்னுடைய கான்கிரீட், நடுவில் மக்கிப்போன மரத்தோடு. அதை உடைக்க மெஷினுக்கே மதியம் ஆகிவிட்டது. பெருமையாகத்தான் இருந்தது. கட்டி பெயர்ந்ததும் அடியில் கடகடவென்று ஒரு சத்தம். நாற்றத்தில் அதிகாரிகள் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். பாண்டியம்மா மட்டும் குழி ஓரத்தில் நின்று, "போகுது, போகுது!" என்று கத்தினாள்.

தீர்மானம் வாபஸ். ஒரு படிகூட இடியவில்லை. மொக்கச்சாமி சொன்னபடி போஸ்டரும் வந்தது. 'அடைப்பு நாயகனே வருக' என்று தெற்குவாசல் முழுக்க ஒட்டியிருந்தார்கள். படத்தில் நான் நன்றாக விழுந்திருந்தேன்.

புதிதாக வேலைக்கு வருகிற பொறியாளர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வரைபடம் இல்லாத தெருவில் பந்தல்காரனைக் கூப்பிடுங்கள். தப்பு எந்த இடத்தில் கிடக்கிறது என்று அதைப் பண்ணியவனுக்குத்தான் அடிக்கணக்குச் சுத்தமாகத் தெரியும். அவன் வாயைத் திறக்கிற மாதிரி நடந்துகொள்ளுங்கள்.

என் பதவிக்காலம் முடிந்த பிறகு, சாக்கடை சீரமைத்ததற்கு என்று அந்த மூலையில் கருங்கல்லில் ஒரு கல்வெட்டு வைத்திருக்கிறார்கள். திறந்து வைத்தவர், முன்னிலை வகித்தவர், வரவேற்றவர், ஒப்பந்தக்காரர் என்று வரிசையாகப் பெயர். என் பெயர் இல்லை. போய்க் கேட்டேன். "உங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னு விட்டுட்டோம் சார்" என்கிறார்கள்.

எனக்கு என்ன சங்கடம்? கல்லில் கீழே நான்கு விரல்கடை இடம் இருக்கிறது, பார்த்துவிட்டேன். இரண்டு வரி தாராளமாகப் பிடிக்கும். அடைத்தவர் என்று போட்டு என் பெயர். அடைப்பை எடுத்தவர் என்று போட்டு என் பெயர். இரண்டையும் வெட்ட வேண்டும். ஒன்றை மட்டும் வெட்டினால் பாதி வேலைதான் நான் பார்த்ததாக ஆகிவிடும்.